நீ விடவில்லை என்று சொன்னேன்

மகளே,

இதை வீட்டில் பிரிக்காதே. புனே லோஹேகாவில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்கிய பிறகு, தூத்துக்குடி விமானத்துக்காக நீ மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்போது படி. நீ தமிழ் படிக்கிற வேகத்துக்கு இந்தக் கடிதம் அந்த மூன்று மணி நேரத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும் என்று நம்பித்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எனக்குப் போன் செய்திருப்பாய். நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு உடனடியாகப் போன் வருவது எனக்கு நல்லதல்ல. தவிரவும் இதில் ஒரு மன்னிப்பு இருக்கிறது. தமிழைத் தவிர வேறு மொழியில் எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. தமிழிலும் பெரிய பழக்கம் என்று சொல்ல முடியாது. உன் அம்மாவைக் கேட்டால் தெரியும்.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் உன்னை அழைத்துப் போக உன் அத்தை, என் அக்கா, வருவாள். நான் ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் புனேயிலேயே கிடப்பதற்கு நீதான் காரணம் என்று உன் அத்தையும், அவள் தெருவும், நம் சொந்தக்காரர்களில் காது கேட்கிற அத்தனை பேரும் ஐந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி நம்பவைத்தவன் நான். இது எப்படி நடந்தது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். பொறுத்துக்கொள். அடுத்த விமானத்துக்கு நேரம் இருக்கிறது.

புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்து நான் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அன்றைக்கு ரயில் பெட்டியின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உப்பளங்கள் கண்ணிலிருந்து மறையும் வரை அழுதேன் என்று உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நான் அழவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். தெருவில் எல்லோருக்கும் என்னைத் தெரிந்த ஊரிலிருந்து, ஒருவருக்கும் என்னைத் தெரியாத ஊருக்குப் போகிறேன் என்ற சந்தோஷம். மணியாச்சி வருவதற்குள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை முழுக்கத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனேன். உப்பளத்தைத் திரும்பிப் பார்த்ததாக நினைவே இல்லை. அந்த ஊரின் மேல் எனக்குக் காதல் வந்தது தேஹு ரோட்டில்தான். அதுவும் இரண்டாவது மழைக்காலத்தில், நான்கு நாளாகக் காயாத சட்டையைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது. ஆயிரம் மைலுக்கு அப்பால் நின்று காதலிப்பதில் ஒரு வசதி உண்டு. எதிர்த் தரப்பு மறுத்துப் பேசாது.

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் நான் 'இன்னும் இரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விடுவேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னதோடு நிற்கவில்லை, அதன்படி குடித்தனமும் நடத்தினேன். நம் குவார்ட்டர்ஸ் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடவில்லை. காலண்டர் ஜன்னல் கொக்கியில் நூல் கட்டித் தொங்கியது. அலமாரி வாங்கவில்லை, போகும்போது தூக்க வேண்டுமே. உன் பள்ளிப் புத்தகங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தன, பரீட்சைக் காலத்தில் நீ தினம் அதற்குள் பாதி உடம்பை விட்டுத் தேடுவாய். உன் அம்மா கறிவேப்பிலையைத் தரையில் நட வேண்டும் என்றாள். 'தொட்டியில் வை, எடுத்துக்கொண்டு போகலாம்' என்றேன். அது எண்ணெய் டின்னுக்குள் முப்பது வருடம் நம்மைப்போலவே பாதி வளர்ந்து நின்றது. பக்கத்து வீட்டு மராத்திக்காரர் ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரத் தட்டோடு வந்து, 'காய் அண்ணா, காவீ கதீ ஜாணார்?' என்று கேட்பார். எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று அர்த்தம். அவர் அதைக் கேலியாகக் கேட்டாரா அக்கறையாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான அறிவுரை இந்தப் பத்தியில்தான் இருக்கிறது: போய்ச் சேர்ந்த மறுநாளே சுவரில் ஒரு ஆணி அடி. வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் வரட்டும். அந்தச் சண்டையிலிருந்துதான் அந்த வீடு உனக்கு வீடாகும்.

அடுத்தது கடல். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது டிப்போக் குடும்பங்கள் எல்லாம் ஒரு பஸ் பிடித்து அலிபாக் போனோம். மற்றப் பிள்ளைகள் பஸ் நிற்பதற்குள் தண்ணீரில் இருந்தன. நான் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து, அரபிக் கடலின் குறைகளை உனக்கு எடுத்துச் சொன்னேன். நிறம் சரியில்லை, மணல் சரியில்லை, சூரியன் தப்பான பக்கத்தில் இருக்கிறது, தண்ணீருக்கு மரியாதை தெரியவில்லை, வந்து வந்து மேலே விழுகிறது. நீ ஷூவைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். உன் சிநேகிதி ஈரத்தோடு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தபோது, 'ஹம் அப்னே காவ் கே சமுந்தர் மே ஜாயேங்கே' என்றாய். எங்கள் ஊர்க் கடலில்தான் இறங்குவோமாம். நாள் முழுக்க நீ அப்படியே உட்கார்ந்திருந்தாய். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால், ஏழு வயதுப் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்க் கடலில் இறங்கவிடாமல் உட்காரவைத்த மனிதன் வேறு யாராவதாக இருந்தால் நான் அவனைப் பற்றி என்ன சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது.

அடுத்த மே மாதம் உன்னை நம் கடலுக்குக் கூட்டிப்போனேன். உனக்கு நான் சொல்லாமல் விட்டிருந்த ஒரு சின்ன விவரம், தூத்துக்குடிக் கடலில் அலை கிடையாது என்பது. தீவுகள் மறைத்து நிற்பதால் அது தட்டில் ஊற்றிய தண்ணீர்போல இருக்கும். நீ புது ஃபிராக்கோடு கரையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு என் சட்டையை இழுத்து, 'அப்பா, இன்னிக்குக் கடல் பந்த்-ஆ, லீவா?' என்று கேட்டாய்.

நான் அன்று சாயங்காலம் வரை உன்னோடு பேசவில்லை. உன் அத்தைதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உன்னை இடுப்பளவுத் தண்ணீருக்குக் கூட்டிப்போனாள். 'ஏட்டி, இது நம்ம கடலு. சத்தம் போடாது. சத்தம் போடாததெல்லாம் இல்லைன்னு ஆயிருமா?' என்று அவள் உன்னிடம் சொன்னது கரை வரைக்கும் கேட்டது. நீ சிரித்ததும் கேட்டது. நான் வருடக்கணக்கில் சொல்லிக் காட்ட முடியாத கடலை அவள் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டாள்.

நான் அந்த ஊரைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய் என்று நினைத்துவிடாதே. டிப்போவில் வருடத்துக்கு ஒருமுறை சரக்கைக் கண்ணால் பார்த்துத்தான் 'இருக்கிறது' என்று எழுத வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனை நான் மன்னித்ததே இல்லை. ஊர் விஷயத்தில் மட்டும் முப்பத்தெட்டு வருடம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் கண்ணால் பார்த்ததும் உண்டு. வெயில் உச்சிக்கு வரும்போது உப்பளத்துப் பக்கம் போ. வெள்ளை அம்பாரங்களுக்கு நடுவில் வானம் தரையில் பாத்தி பாத்தியாக விழுந்து கிடக்கும். உன் தாத்தா அங்கே மேஸ்திரியாக இருந்தார். அந்த வெளிச்சத்தில் நாற்பது வருடம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, வீட்டுக்குள் இருக்கும்போதும் எதையோ தூரத்தில் பார்க்கிறவர்போலவே இருப்பார். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றுவார்கள். அந்த மரக்கலங்கள் நிற்கிற அழகைப் பார்த்தால், அவற்றுக்குள் இருப்பது வெங்காயம் என்று நம்பவே முடியாது. மூன்று மூன்றரை மணிக்குக் காற்று திரும்பும். அதுவரை உன்னைச் சுட்டெரித்த ஊர், ஒன்றுமே நடக்காததுபோல ஈரக் கையால் நெற்றியைத் தொடும். மனிதர்களும் அப்படித்தான். முதல் வார்த்தை முரடாக வரும். மூன்றாவது வார்த்தைக்குள் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவார்கள். இவையெல்லாம் நான் சரிபார்த்தவை. இதற்குக் கீழே தைரியமாகக் கையெழுத்துப் போடுவேன்.

இப்போது ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்தப் போனுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற வாரம் உன் அத்தை கூப்பிட்டாள். 'ஏல, மாடியில குடியிருந்தவுக காலி பண்ணிட்டாவ. வெள்ளையடிச்சுப் போட்டுருக்கேன். எப்பம் வார?' என்றாள். முப்பத்தெட்டு வருடமாக எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அது வெள்ளையடித்து என் முன்னால் வந்து நின்றது. கடல் அங்கிருந்து நடக்கிற தூரம். நான் வாயைத் திறந்தேன். 'நான் நாளைக்கே வந்துருவேன்க்கா. இவதான் விடமாட்டேங்கா' என்று வந்தது. 'யாரு, ஒம் பொண்டாட்டியா?' என்றாள். உன் அம்மாவைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் அடுப்படியில் இருந்தாள். 'இல்ல, மவ. நீங்க போனா நான் என்ன செய்வேன்னு அழுதா' என்றேன். நீ அப்போது சாகண் கார் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தாய். நீ அழவும் இல்லை, உனக்கு அந்த மாடியைப் பற்றித் தெரியவும் தெரியாது.

பொய்க்கு ஒரு கெட்ட குணம், தனியாக இருக்காது. ஒவ்வொரு போனிலும் அதற்குக் கொஞ்சம் தீனி போட வேண்டியிருந்தது. உனக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன். உனக்குத் தமிழ்ப் பேச்சு சரியாக வராததால் அங்கே கூச்சம் என்றேன். கடைசியில் 'புனேப் புள்ளைக்கு நம்ம ஊரு ஆகாதாம்' என்று அங்கே ஒரு முடிவே ஆகிவிட்டது. போன வருடம் அத்தை மகன் கல்யாணத்தில் அதை நீ அனுபவித்தாய். எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துக் காப்பி கொடுத்துக்கொண்டு வந்த அத்தை, உன் முன்னால் டம்ளரை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனாள். நீ என்னிடம் வந்து, 'அத்தைக்கு எம்மேல என்ன கோபம்ப்பா? நான் ஏதாவது கலத்... தப்பு பண்ணிட்டேனா?' என்று கேட்டாய். 'அது அவ சுபாவம்' என்றேன். நீ நம்பினாய். அதன் பிறகும் பந்தியில் இலைக்கு இலை ஓடித் தண்ணீர் ஊற்றினாய். ஐந்து வருடப் பொய்யில் எனக்கு மிகவும் வலிப்பது, நான் அத்தையிடம் சொன்னது அல்ல. அன்று உன்னிடம் சொன்ன அந்த மூன்று வார்த்தை.

அந்தக் கல்யாணத்துக்குப் போன அன்றே இன்னொன்றும் நடந்தது. நீ உன் அம்மாவோடு வேறு ஆட்டோவில் வந்ததால் உனக்குத் தெரியாது. ஸ்டேஷனில் என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர், 'சாருக்கு எந்த ஊரு?' என்றார். 'இந்த ஊருதான்' என்றேன். அவர் கண்ணாடியில் என்னை மேலும் கீழும் பார்த்து, 'சும்மா சொல்லாதீய சார். ஏறி உக்காந்ததும் சலோங்கிய' என்றார். போகலாம் என்பதை இந்தியில் சொன்னது எனக்கே தெரியவில்லை. தேஹு ரோட்டில் நான் தூத்துக்குடி அண்ணா. தூத்துக்குடியில் நான் சலோ சார். நடுவில் எங்கேயாவது எனக்கென்று ஒரு ஸ்டேஷன் இருந்தால் அது ரயில் வழியில் வருகிற சோலாப்பூராகத்தான் இருக்கும்.

இந்த நிலையில்தான் மூன்று மாதத்துக்கு முன் நீ வேலையிலிருந்து வந்து, ஹெல்மெட்டைக்கூட இறக்காமல் சொன்னாய்: 'அப்பா, கம்பெனி தூத்துக்குடியில மின்சாரக் கார் பிளான்ட் போடுது. யாரு போறான்னு கேட்டாங்க. எல்லாரும் கீழ பாத்தாங்க. நான் கை தூக்கிட்டேன்.' வேலை இல்லை என்று நான் விட்டுவந்த ஊருக்கு நீ வேலைக்காகப் போகிறாய். நான் வாயால் சுமந்துகொண்டிருந்ததை நீ ஒரு கையைத் தூக்கி முடித்துவிட்டாய். அதோடு நிற்காமல், 'ரெண்டு ரூம் இருக்கிற வீடு பாக்கறேன். ஒண்ணு உங்களுக்கு. இனிமே நீங்க ஊர்லதான்' என்றாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 'யோசிப்போம்' என்றேன்.

உன் அம்மா பிறந்தது வளர்ந்தது எல்லாம் தேஹு ரோட்டில். அவளுக்குத் தூத்துக்குடி வாக்கப்பட்ட ஊர்தான்; அங்கே தங்கினால் மராத்தி பேச ஆளில்லாமல் கஷ்டப்படுவாள். அவள் சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: 'எனக்கென்ன, நான் ரெடி. உங்கப்பாவைப் பாரு. முப்பத்தெட்டு வருஷம் வண்டி வரல வண்டி வரலன்னு பிளாட்பாரத்துல நின்னாரு. இப்ப வண்டி வந்து நிக்குது. டீ குடிச்சிட்டு வரேங்கறாரு.' நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்கு வேறு வழி இல்லை.

நேற்றுக் காலை நீ சாமான் வாங்கப் போயிருந்தபோது அத்தைக்குப் போன் செய்தேன்.

'ஏல, என்னல காலையிலயே? யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?'

'அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அன்னைக்கு மாடிக்கு வரலைன்னு சொன்னம்லா...'

'ஆமா. ஒம் மவ அழுதான்னு சொன்னியே.'

'அவ அழலக்கா. அவளுக்கு அந்த மாடி விஷயமே தெரியாது. நாந்தான் அவ பேரைச் சொல்லிட்டேன்.'

போனில் அவளுக்குப் பின்னால் ஒரு காக்கா கத்தியது, அது தூத்துக்குடிக் காக்கா என்று எனக்குத் தெரிந்தது. பிறகு, 'ஏம்ல?' என்றாள்.

'பயமா இருந்துச்சு.'

'எதுக்குப் பயம்? ஊருல புலியா கெடக்கு?'

'வந்து இருந்து பாத்து, புடிக்காமப் போயிட்டுன்னு வையி. அப்புறம் போவணும்னு நெனைக்கதுக்கு எனக்கு ஒரு ஊரே கிடையாதேக்கா.'

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். 'கிறுக்குப் பய' என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் குரல் மாறிவிட்டது. 'கல்யாணத்தன்னைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு வாய்க் காப்பி மொகம் பாத்துக் குடுக்கலியேல நானு. பந்தியில ஓடி ஓடித் தண்ணி ஊத்துனாளே. அப்பமும் எம் மனசு எளகலியே. இப்படி ஒரு பாவத்த என்னைப் பண்ண வச்சிட்டியே' என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'பிளேனு எத்தன மணிக்கு? வேற யாரும் போவாண்டாம், நானே போறேன்' என்றாள். போனை வைக்கும் முன், 'நீ வாரதும் வராததும் ஒன் இஷ்டம். இனிமே புள்ளை மேல சாக்கு வைக்காத' என்றாள்.

ஆகவே விமான நிலைய வாசலில் உன் அத்தை நிற்பாள். அவள் அழுதால் பயந்துவிடாதே. அது உன்னால் அல்ல, என்னால். நீ என்மேல் கோபப்படலாம். இரண்டு பேரும் சேர்ந்து கோபப்பட்டால் அவளுக்கும் கொஞ்சம் பாரம் குறையும். மன்னிப்பை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இதுவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன்: என்னை மன்னித்துவிடு, அம்மா. என் பயத்துக்கு உன் பெயரை வைத்தேன்.

எனக்கென்று நீ சொன்ன அந்த இரண்டாவது அறையைப் பூட்டி வைக்காதே. அதில் துணி காயப்போடு, கூட வேலை செய்கிற பெண்களைத் தங்கவை. முதல் சில மாதம் நான் சொன்ன ஊரைத் தேடாமல், நீயாக ஒரு ஊரைப் பார். எந்தத் தெருவில் நாய் துரத்துகிறது, எந்தக் கடையில் மீன் நேற்றையது, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, உனக்கு எது பிடிக்கவில்லை, எல்லாவற்றையும் எனக்குச் சொல். அதைக் கேட்ட பிறகும் எனக்கு அங்கே வர ஆசை இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதும்போதே அந்த மூன்றரை மணிக் காற்றுக்காக உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்கிறது. பொங்கல் கழிந்து நீ 'வாங்க' என்று கூப்பிடு. உன் அம்மா நிச்சயம் வருவாள். நானும் வரத்தான் பார்ப்பேன். ஒருவேளை அன்றைக்கும் கால் எழாமல் நான் இங்கேயே நின்றுவிட்டால், அத்தை கேட்பாள், தெருவும் கேட்கும், ஏன் உன் அப்பா வரவில்லை என்று. நீ எதுவும் சொல்ல வேண்டாம். போனை அவர்களிடம் கொடு. எனக்குப் பயமாக இருக்கிறது என்று நானே சொல்கிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

அப்பா